புதியவருக்கு ஓர் இலை

உரைநடை

நுழையும்முன்

பிறந்த ஊரை விட்டுப் படிக்கவும் பிழைக்கவும் சென்றவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். அவர்களை முதலில் வரவேற்பது பெரும்பாலும் ஓர் உணவகத்தின் மேசைதான். பெங்களூரின் பசவனகுடியும் சென்னையின் திருவல்லிக்கேணியும் மாணவர் பலர் உண்டு வளர்ந்த பகுதிகள். அவ்விரண்டையும் இணைக்கும் ஒரு காலைப்பொழுதை இப்பாடத்தில் காண்போம்.

எந்த ஊர்?

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மசந்திரா. அங்குள்ள தொழிற்பேட்டையை நம்பித் தமிழகக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவற்றுள் ஒரு குடும்பத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் இருந்தாள். தசரா விடுமுறையில் அவளைக் காண அவளுடைய அம்மாவின் தந்தை திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார்.

சனிக்கிழமை மாலை அவள் தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“தாத்தா, நாம் எந்த ஊர்?”

“ஏனம்மா இந்தக் கேள்வி?”

“திண்டிவனம் வந்தால் எல்லாரும் என்னைப் பெங்களூர்க்காரி என்கிறார்கள். நான் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இங்கே விளையாடப் போனால் தமிழ்ப் பெண் என்று தள்ளி நிறுத்துகிறார்கள். அப்படியானால் நான் எந்த ஊர்ப் பெண்?”

தாத்தா உடனே விடை கூறவில்லை. சற்று நேரம் கழித்து, “மாணவர்களுக்காகவே தொடங்கிய பழைய சிற்றுண்டிக் கடை ஒன்று இந்த ஊரில் உண்டாமே. நாளைக் காலை அங்கே போவோம். வெறும் வயிற்றோடு இதற்கு விடை தேட முடியாது” என்றார்.

மஞ்சள் வழித்தடம்

மறுநாள் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை இருந்தது. ஆகவே, தாத்தா, அம்மா, மகள் ஆகிய மூவரும் புறப்பட்டனர். பொம்மசந்திராவையும் ஆர்.வி. சாலையையும் இணைக்கும் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 19 கி.மீ. நீளமுள்ள அத்தடத்தில் 16 நிலையங்கள் உள்ளன. அதற்கு முன்பு ஓசூர்ச் சாலையின் நெரிசலில் பேருந்தில் நின்றபடியே நகருக்குள் செல்ல வேண்டியிருந்தது.

வழியில் ‘ஹொச ரோடு’ என்னும் நிலையம் வந்தது.

“ஹொச என்றால் என்னம்மா?” என்று கேட்டார் தாத்தா.

“புதிய என்று பொருள், தாத்தா. ஹொச ரோடு என்றால் புதிய சாலை.”

“அப்படியானால் ஓசூர்?”

மகள் ஒரு நொடி எண்ணிப் பார்த்தாள். “ஹொச, ஊரு... புதிய ஊர்! புதூர்!” என்று வியந்தாள்.

“தமிழ்நாட்டில் எத்தனை புதூர்கள் இருக்கின்றன! அவற்றுள் ஒன்று கன்னடப் பெயருடன் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. நீ தமிழ்ப் பெயர் சொல்லிக்கொண்டு கன்னட நாட்டில் இருக்கிறாய்” என்று தாத்தா சிரித்தார்.

ஆர்.வி. சாலையில் பச்சை வழித்தடத்திற்கு மாறினர். அங்கிருந்து நான்காவது நிலையம் ‘நேஷனல் கல்லூரி’. ஒரு கல்லூரியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்நிலையத்தில் இறங்கிக் காந்தி பஜாரை நோக்கி நடந்தனர்.

பசவனகுடி

பசவன் என்பது நந்தியாகிய எருதைக் குறிக்கும். குடி என்பது கன்னடத்தில் கோயில். ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியின் கோயிலால் பசவனகுடி இப்பெயர் பெற்றது. கார்த்திகை மாதத்தில் இக்கோயிலை அடுத்து நடைபெறும் நிலக்கடலைத் திருவிழா புகழ் பெற்றது.

1898இல் பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பழைய பேட்டையைவிட்டுப் பலர் வெளியேறினர். அக்காலத்தில் அகன்ற தெருக்களுடன் உருவான புதிய குடியிருப்புகளுள் பசவனகுடியும் ஒன்று. பிற்காலத்தில் நேஷனல் கல்லூரி இங்குத் தொடங்கப்பட்டது. பள்ளிகளும் கல்லூரியும் வளர, வெளியூர் மாணவர்கள் வந்து சேர்ந்தனர்.

அவர்களுள் ஒருவர் எச். நரசிம்மையா. கௌரிபிதனூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1935இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்காக ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவை இரண்டு நாள் நடந்தே கடந்து பெங்களூர் வந்தார். இயற்பியல் பேராசிரியராகவும் நேஷனல் கல்லூரியின் முதல்வராகவும் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் உயர்ந்தார். பதவிகள் வந்த பிறகும் கல்லூரியின் மாணவர் விடுதி அறையிலேயே எளிமையாக வாழ்ந்தார். அவர் பிறந்த சிற்றூரின் பெயரும் ஹொசூர்தான்.

நடந்து வந்த மாணவர்கள் எங்கே உண்டனர்? கன்னட நாட்டில் ‘வாரான்ன’ என்றொரு வழக்கம் இருந்தது. வாரம், அன்னம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. ஏழை மாணவன் திங்கட்கிழமை ஒரு வீட்டில் உண்பான். செவ்வாய்க்கிழமை இன்னொரு வீட்டில் உண்பான். ஏழு நாளுக்கு ஏழு வீடுகள். அவ்வழக்கத்தால் பலர் படித்து முன்னேறினர். ஆனால், அந்த அறம் பெரும்பாலும் தத்தம் சாதியாருக்குள்ளேயே நின்றுவிட்டது. கேட்டுப் பெற வீடில்லாத மாணவர்கள் பலர் இருந்தனர். தொடக்கக் கால உணவகங்கள் பலவற்றிலும் சாதியைப் பார்த்துத் தனித்தனி இடம் ஒதுக்கினர். எவரும் எவருக்கும் அருகில் அமர்ந்து உண்ணலாம் என்னும் நிலை எளிதில் வந்துவிடவில்லை. போராட்டங்களும் சட்டமுமே அதைக் கொண்டுவந்தன.

“பன்னி, பன்னி!”

காந்தி பஜாரில் சாமந்தியும் மல்லிகையும் குவிந்திருந்தன. பூக்கடைகளைக் கடந்ததும் ‘வித்யார்த்தி பவன்’ என்னும் பெயர்ப்பலகை தெரிந்தது. வித்யார்த்தி என்றால் மாணவர். உடுப்பிப் பகுதியைச் சேர்ந்த வேங்கடரமண உரால் என்பவர் 1943இல் அருகிலிருந்த பள்ளி, கல்லூரி மாணவர்களை எண்ணித் தொடங்கிய சிறிய உணவகம் இது. 1970இல் இராமகிருஷ்ண அடிகர் இதனை ஏற்றார். வெள்ளிக்கிழமைகளில் இதற்கு விடுமுறை. மற்ற நாள்களில், அதிலும் ஞாயிறு காலையில், வாயிலில் கூட்டம் காத்திருக்கும்.

அவர்களும் காத்திருந்தனர். முறை வந்ததும் உள்ளிருந்து ஒருவர், “எஷ்டு ஜனா?” என்று கேட்டார். எத்தனை பேர் என்பது அதன் பொருள்.

“மூரு ஜனா” என்றாள் மகள்.

அவர் கைகாட்டி, “பன்னி, பன்னி!” என்றார்.

தாத்தாவின் முகம் மாறியது. “வயதில் பெரியவனைப் பார்த்து இப்படியா சொல்வது?” என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். மகள்தான் தாத்தாவின் கையைப் பற்றி விளக்கினாள்.

“தாத்தா, அவர் திட்டவில்லை. கன்னடத்தில் ‘பன்னி’ என்றால் ‘வாருங்கள்’. மரியாதையாகத்தான் அழைக்கிறார். நம்முடைய ‘வா’ அங்கே ‘பா’ ஆகிவிடும். வெண்ணெய் ‘பெண்ணெ’ ஆகிவிடும். வெல்லம் ‘பெல்ல’ ஆகிவிடும்.”

தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். “நல்ல வேளை, நீ உடன் வந்தாய். இல்லையென்றால் வரவேற்பை வசை என்று எண்ணிச் சண்டைக்குப் போயிருப்பேன்.”

நான்காம் இருக்கை

உள்ளே சுவரில் கன்னட எழுத்தாளர்களின் உருவப்படங்கள் இருந்தன. வேட்டி கட்டிய பரிமாறுபவர் ஒருவர், ஒரே கையில் தோசைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றும் சரியாமல் மேசைதோறும் வைத்துச் சென்றார். மொறுமொறுப்பான மசால் தோசையும் தேங்காய்ச் சட்டினியும் வந்தன.

“சாம்பார் எங்கே?” என்றார் தாத்தா.

“இங்கே தோசைக்குச் சட்டினி மட்டுந்தான், அப்பா. சாப்பிட்டுப் பாருங்கள்” என்றார் அம்மா.

முதல் விள்ளலை உண்டதும் தாத்தா சாம்பாரை மறந்தார்.

அவர்கள் மேசையில் நான்காம் இருக்கை காலியாக இருந்தது. தனியே வந்த இளைஞர் ஒருவரை அதில் அமர்த்தினர். முன்பின் அறியாதவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பது அங்கே இயல்பு. அவருக்கும் ஒரு தோசை வந்தது. “காப்பி?” என்று கேட்டபோது அவர் வேண்டாமென்று தலையசைத்தார். தாத்தா அதைக் கவனித்தார்.

“தம்பிக்கு எந்த ஊராம்? கேளம்மா” என்றார். இளைஞருக்குத் தமிழ் தெரியாது; தாத்தாவுக்குக் கன்னடம் தெரியாது. இருவருக்கும் இடையில் அமர்ந்திருந்த மகள் கேட்டுச் சொன்னாள்.

அவர் ராய்ச்சூரிலிருந்து படிக்க வந்தவர். கன்னட இலக்கிய மாணவர். வந்து இரண்டு மாதமே ஆகிறது. அவருடைய வீட்டில் அன்றாடம் சோள ரொட்டி. இங்கே மூன்று வேளையும் அரிசி உணவு. அது இன்னும் பழகவில்லை. அதைவிட, அவர் பேசும் வடக்குக் கன்னடத்தைக் கேட்டு வகுப்பில் சிலர் சிரிக்கிறார்களாம்.

மகள் அதை மொழிபெயர்த்துவிட்டு வியப்புடன் நிறுத்தினாள். “கன்னடக்காரரைப் பார்த்துமா சிரிக்கிறார்கள்?” என்று தாத்தாவிடம் கேட்டாள்.

“புதியவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வரவேற்பவர்களும் இருக்கிறார்கள்” என்றார் தாத்தா.

இளைஞர் மாஸ்தி வேங்கடேச ஐயங்காரைப் பற்றிக் கூறினார். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, கன்னடச் சிறுகதையை வளர்த்து, 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றவர் அவர். முதுகலைப் பட்டத்தை 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெற்றார். பிற்காலத்தில் இப்பகுதியில் வாழ்ந்தார்.

“அவருடைய மொழி எது என்று கேட்டால் இரண்டுமே என்றுதான் சொல்ல வேண்டும்” என்று இளைஞர் கூறியதைத் தமிழில் சொல்லும்போது மகளின் குரல் சற்றுத் தழைந்தது.

திருவல்லிக்கேணிக் கணக்கு

தாத்தா பேசத் தொடங்கினார். அவர் பேசப் பேச, மகள் ஒவ்வொரு தொடராகக் கன்னடத்தில் கூறினாள்.

“1973இல் நான் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தேன். கடற்கரைக்கு எதிரே 1840இல் தொடங்கிய பழைய கல்லூரி அது. திருவல்லிக்கேணியில் நால்வர் சேர்ந்து ஓர் அறையில் தங்கினோம். அங்கே தெருவுக்குத் தெரு மேன்ஷன்; மேன்ஷனுக்கு ஒரு மெஸ். இரத்னா கஃபே அப்போதே பெயர் பெற்றிருந்தது. 1948இல் தொடங்கியது. தட்டு நிறையச் சாம்பாரை ஊற்றி அதில் இட்டலியை மிதக்கவிடுவார்கள். அந்தச் சாம்பாரைத் தந்தவர்கள் யார் தெரியுமா? வடக்கே மதுராவிலிருந்து வந்த குடும்பத்தார்! ராயப்பேட்டையில் 1938இல் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய கிருஷ்ண ராவ், உடுப்பிப் பக்கத்திலிருந்து வேலை தேடிச் சென்னை வந்தவர். பட்டணத்துக்குச் சோறு போட்டவர்களில் பாதிப் பேர் வெளியூரார்தாம்.

“நான் ஒரு சிறிய மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்திருந்தேன். ஒரு மாதம் ஊரில் மழை பொய்த்தது. அப்பாவின் மணியார்டர் வரவில்லை. கேட்க வெட்கப்பட்டு இரண்டு நாள் மெஸ் பக்கமே போகவில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, பசியில்லை என்று நண்பர்களிடம் சொன்னேன். மூன்றாம் நாள் மெஸ்காரர் என் அறைக்கே ஆள் அனுப்பினார். போனேன். ஒன்றும் கேட்கவில்லை. ‘முதலில் இலையைப் போடு, பிறகு நோட்டில் எழுது’ என்று பரிமாறுபவரிடம் சொன்னார். அவரும் பதினான்கு வயதில் பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்தவராம்.

“படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது நாற்பத்திரண்டு ரூபாய் பாக்கி. வேலை கிடைத்ததும் கொடு என்றார். இரண்டு ஆண்டு கழித்து, முதல் சம்பளத்தோடு போனேன். மெஸ் இருந்த இடத்தில் துணிக்கடை இருந்தது. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாற்பத்திரண்டு ரூபாய் இன்னும் நோட்டில்தான் இருக்கிறது.”

மகள் கடைசித் தொடரைச் சொல்லி முடித்தபோது இளைஞர் தட்டைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

தாத்தா பரிமாறுபவரை அழைத்து நான்கு விரலைக் காட்டினார். “காப்பி. நாலு. எல்லாம் ஒரே பில்லில்” என்றார்.

“பேட, அஜ்ஜா!” என்று இளைஞர் பதறினார்.

“தாத்தா, அவர்...” என்று மகள் தொடங்கினாள்.

“இதற்கு நீ வேண்டாம், எனக்கே புரிகிறது. ‘வேண்டா’ அங்கே ‘பேட’ ஆகிறது, அவ்வளவுதானே?” என்ற தாத்தா, இளைஞரைப் பார்த்து, “இது உனக்காக இல்லை, தம்பி. என்னுடைய பழைய கணக்கு. உன் காலம் வரும்போது நீ யாருக்காவது கொடு” என்றார். மகள் அதைக் கன்னடத்தில் கூறினாள். நால்வருக்கும் காப்பி வந்தது.

தமிழில் விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. புதிதாகப் பாடப்படும் நூல்வகைக்குத் தொல்காப்பியம் விருந்து என்றே பெயரிடுகிறது. புதிதாக வந்தவரே விருந்தினர். உறவினரை உபசரிப்பது சுற்றம் பேணுதல். அறியாதவருக்கு உணவளிப்பதே விருந்தோம்பல். அன்று அந்த மேசையில் விருந்தினர் யார், விருந்தளித்தவர் யார் என்று பிரித்துக் கூறுவது எளிதன்று.

வெளியே வந்ததும் இளைஞர் விடைபெற்றார். போகும்முன் மகளிடம், “நிம்ம ஊரு யாவுது?” என்று கேட்டார். உங்கள் ஊர் எது என்பது அதன் பொருள்.

முந்தைய நாள் அவள் கேட்ட அதே கேள்வி. தாத்தா அவளையே பார்த்தார்.

“பொம்மசந்திரா” என்றாள். பிறகு, “திண்டிவனமும்தான்” என்று கன்னடத்தில் சேர்த்துச் சொன்னாள்.

தெரிந்து தெளிவோம்

1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு, இரண்டாம் பிரிவு உணவகங்களைப் பற்றியும் பேசுகிறது. சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளுக்குள்ளோ பொது உணவகங்களுக்குள்ளோ வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. ‘பிறந்த இடம்’ என்னும் சொற்களைக் கவனியுங்கள். ஊர்விட்டு ஊர் வந்தவருக்கும் சட்டம் மேசையில் இடம் தந்துள்ளது.

மொழியை அறிவோம்

தமிழும் கன்னடமும் ஒரே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ‘ப’ பிற்காலத்தில் ‘ஹ’ ஆயிற்று. தமிழில் ‘வ’ என வரும் இடத்தில் கன்னடத்தில் மெல்லோசை உடைய ‘ப’ வருவதும் உண்டு.

ப – ஹ
பால் – ஹாலு
பூ – ஹூவு
புளி – ஹுளி
பத்து – ஹத்து
புதிய – ஹொச

வ – ப
வா – பா
வெண்ணெய் – பெண்ணெ
வெல்லம் – பெல்ல
வாழை – பாளெ
வேண்டா – பேட

சொல்லும் பொருளும்

விள்ளல் – பிட்டு எடுத்த சிறு துண்டு
ஓம்பல் – பேணுதல், காத்தல்
வசை – பழிச்சொல், திட்டு
பேட்டை – வணிகம் நிகழும் ஊர்ப்பகுதி
பொய்த்தது – (மழை) பெய்யாமற் போனது
அஜ்ஜா – கன்னடத்தில் தாத்தா

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெற்றோர் அல்லது தாத்தா, பாட்டி ஊர்விட்டு வந்த முதல் நாளில் எங்கே, யாருடன் உண்டனர் என்று கேட்டு எழுதுக.

2. நீங்கள் வாழும் பகுதியில் உள்ள பழைய உணவகம் ஒன்றைத் தொடங்கியவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் எனக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.

3. வீட்டில் யாரேனும் பேசுவதைப் பிறமொழி நண்பருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன அனுபவத்தைப் பத்துத் தொடர்களில் எழுதுக.

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.

1. விருந்தோம்பல்
2. சிற்றுண்டி
3. அவ்வழக்கம்

ஆ. குறுவினா

1. பசவனகுடி என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. ‘வாரான்ன’ என்னும் வழக்கத்தின் சிறப்பும் குறையும் யாவை?
3. “பன்னி” என்னும் சொல்லைக் கேட்டுத் தாத்தாவின் முகம் மாறியது ஏன்?

இ. சிறுவினா

1. ராய்ச்சூர் இளைஞரின் நிலையும் மகளின் நிலையும் எவ்வாறு ஒத்துள்ளன?
2. “இது உனக்காக இல்லை, தம்பி. என்னுடைய பழைய கணக்கு” – தாத்தா இவ்வாறு கூறியதன் காரணத்தை விளக்குக.

ஈ. சிந்தனை வினா

தாத்தாவின் கடன் அன்று தீர்ந்ததா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.